பல்கலைக்கழக அணி சூப்பர் லீக்கில் நிலைக்குமா? யுஐடிஎம் விட்டுச்சென்ற பாடமும் நம் பிள்ளைகளின் வழியும்

பல்கலைக்கழகக் காற்பந்து அணி ஒன்று, நாட்டின் முதல்நிலை லீக்கில் ஜொகூரோடும் சிலாங்கூரோடும் மோதி நிலைத்து நிற்க முடியுமா? மலேசியாவில் இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல. ஒருமுறை நடந்திருக்கிறது. அதன் முடிவும் நமக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கேள்வி மறுபடியும் எழக் காரணம் உண்டு. ஏ1 செமி-ப்ரோ லீக்கிலிருந்து மலாக்கா, இமிகிரேஷன் ஆகிய இரு அணிகள் 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்கிற்குள் வந்தன. அதே செமி-ப்ரோ லீக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய யுஎம்-டாமன்சாரா அணியும் ஆடுகிறது. கீழே இருப்பவர் மேலே போகக் கதவு திறந்திருக்கிறது என்றால், மாணவர் அணிக்கும் அந்தக் கதவு உண்டா என்று ரசிகர்கள் கேட்பது இயல்புதானே.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். எஸ்பிஎம் முடித்த கையோடு காற்பந்தா, படிப்பா என்று தவிக்கும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் நம் தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் நிறையவே இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் தரக்கூடிய இடம் பல்கலைக்கழகம்தான். அந்த இடம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை அறிந்துகொள்ள வேண்டியவர்கள் முதலில் நாம்தான்.

யுஐடிஎம் ஏறிய கதை

மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அணியான யுஐடிஎம் எஃப்சி, 2020ஆம் ஆண்டு சூப்பர் லீக்கில் கால்வைத்தது. மலேசிய வரலாற்றில் முதல்நிலை லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழக அணி அதுதான். ஷா ஆலாமில் உள்ள பல்கலைக்கழக அரங்கமே அதன் சொந்தத் திடல்.

அது ஏறிய விதத்தைக் கவனிக்க வேண்டும். 2019 பிரீமியர் லீக்கில் சபா வெற்றியாளரானது. அதற்கு அடுத்த இடங்களில் இருந்த ஜேடிடி 2, திரங்கானு 2 ஆகியவை பெரிய அணிகளின் இரண்டாம் நிலைக் குழுக்கள் என்பதால் மேலே போக முடியாது. நான்காவது இடத்திலிருந்த பிடிஆர்எம் உயர்ந்தது. பிகேஎன்எஸ் அணி சிலாங்கூரின் துணைக் குழுவாக மாறியதால் சூப்பர் லீக்கில் மேலும் ஓர் இடம் காலியானது. ஐந்தாவது இடத்தில் இருந்த யுஐடிஎம்முக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது.

அதாவது, தகுதி ஒரு பங்கு, சூழ்நிலை ஒரு பங்கு. இதை யுஐடிஎம்மைக் குறைத்துப் பேசச் சொல்லவில்லை. வாய்ப்பு வந்தபோது அதை ஏற்கும் நிலையில் இருந்ததே ஒரு சாதனைதான். ஆனால் பிரீமியர் லீக்கை ஆட்டிப்படைத்துவிட்டு மேலே போன அணி அல்ல அது என்பதும் உண்மை.

ஆறாம் இடம் சொன்னதும் சொல்லாததும்

2020 பருவத்தின் முடிவில் யுஐடிஎம் ஆறாவது இடத்தைப் பிடித்தது. பன்னிரண்டு அணிகள் கொண்ட பட்டியலில் பகாங், மலாக்கா, சபா எல்லாம் அதற்குக் கீழே. முதல் ஆண்டிலேயே ஒரு பல்கலைக்கழக அணி இப்படிச் செய்தது பலரையும் வியக்க வைத்தது. ஜெர்மானியப் பயிற்சியாளர் ஃபிராங் பெர்ன்ஹார்டின் உழைப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அந்தப் பருவம் வழக்கமான பருவமல்ல. கோவிட் பெருந்தொற்றால் மார்ச் மாதம் நின்றுபோன லீக், ஆகஸ்ட் இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு ஒரே ஒரு முறை மோதியது. மொத்தம் 11 ஆட்டங்கள். வழக்கமான பருவத்தில் பாதி.

குறுகிய பருவம் சிறிய அணிக்குச் சாதகம். இரண்டு மூன்று நல்ல முடிவுகள் கிடைத்தாலே பட்டியலில் நடுப்பகுதிக்குப் போய்விடலாம். காயங்களும் களைப்பும் சேர்ந்து குழுவின் ஆழத்தைச் சோதிக்கும் முன்பே பருவம் முடிந்துவிடும்.

இன்னொன்று. அந்த அணியை முழு மாணவர் அணி என்று நினைத்துவிடக் கூடாது. லெபனான் தேசிய ஆட்டக்காரர் ரபிஹ் அத்தாயா, பிரான்சைச் சேர்ந்த உஸ்மான் ஃபானே போன்ற வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அதில் இருந்தார்கள். சூப்பர் லீக்கில் நிற்க வேண்டுமானால் மாணவர்கள் மட்டும் போதாது என்பதை யுஐடிஎம் நிர்வாகமே உணர்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாம் ஆண்டில் நடந்தது

2021இல் லீக் 22 ஆட்டங்களுக்குத் திரும்பியது. யுஐடிஎம் பன்னிரண்டாவது இடத்தில், அதாவது கடைசியில் முடித்தது. பேராவோடு சேர்ந்து பிரீமியர் லீக்கிற்கு இறங்கியது. 2022இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. அதன்பின் பிரீமியர் லீக் எடுக்கப்பட்டு, 2023இல் சூப்பர் லீக் 14 அணிகளுக்கு விரிவானபோது அந்தப் பதினான்கில் யுஐடிஎம் இல்லை.

பங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் யுகேஎம் எஃப்சியும் 2018 முதல் 2020 வரை பிரீமியர் லீக்கில் ஆடியது. 2021 பட்டியலில் அதன் பெயர் இல்லை. ஆக, பெரிய லீக்கைத் தொட்டுப் பார்த்த இந்த இரண்டு பல்கலைக்கழக அணிகளுமே வெளியேறிவிட்டன.

ஓரிரு ஆண்டு போட்டியிடுவது வேறு, நிலைத்து நிற்பது வேறு. மாணவர் அணியால் முதலாவதைச் செய்ய முடியும் என்று யுஐடிஎம் காட்டியது. இரண்டாவது ஏன் முடியவில்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஏன் நிற்க முடியவில்லை?

முதலாவது, நேரம். சூப்பர் லீக் ஆட்டக்காரருக்குக் காற்பந்துதான் வேலை. காலையில் பயிற்சி, பிற்பகலில் ஓய்வு, மாலையில் மறுபடியும் பயிற்சி. கோத்தா கினபாலுவிலோ கோலத் திரங்கானுவிலோ ஆட்டம் என்றால் போய்வரவே இரண்டு மூன்று நாள் ஆகும். மாணவருக்கோ விரிவுரை, இடுபணி, தேர்வு, தொழிற்பயிற்சி என்று வரிசையாக இருக்கின்றன. இரண்டில் ஒன்று குறைபடாமல் இரண்டையும் ஒருசேரச் செய்வது மிகக் கடினம். படிப்பைத் தள்ளிவைத்தால் பிறகு அவர் பெயரளவில்தான் மாணவர்.

இரண்டாவது, வயது. பட்டப்படிப்பு மாணவர் பத்தொன்பது வயதில் நுழைந்து இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வெளியேறுகிறார். ஒரு காற்பந்து ஆட்டக்காரரின் உடலும் அறிவும் முழுமையாகத் திரண்டு வரும் வேளையில் அவர் கையில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பயிற்சியாளர் ஒவ்வோர் ஆண்டும் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிரணியிலோ முப்பது வயதைத் தாண்டிய, நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர் காத்திருப்பார்.

மூன்றாவது, பணம். 2014 முதல் தொடர்ந்து சூப்பர் லீக் பட்டத்தை வென்றுவரும் ஜேடிடி, தனக்கென அரங்கம், பயிற்சி மையம், வெளிநாட்டு ஆட்டக்காரர் படை என்று வளர்ந்து நிற்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடங்களும் அண்மைப் பருவங்களில் கூட்டப்பட்டுள்ளன. இடம் கூடக்கூட, அதை நிரப்பப் பணம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள இடைவெளியும் கூடும். பொதுப் பல்கலைக்கழகம் என்பது மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. விடுதியும் நூலகமும் ஆய்வுக்கூடமும் கேட்டு மாணவர்கள் நிற்கும்போது, வெளிநாட்டு முன்னணி ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதை எந்தத் துணைவேந்தரால் நியாயப்படுத்த முடியும்?

நான்காவது, ரசிகர். பேராவுக்கு ஈப்போ இருக்கிறது. கெடாவுக்கு அலோர் ஸ்டார் இருக்கிறது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே அணிக்குக் கத்தும். பல்கலைக்கழக அணியின் ரசிகர்களோ மூன்று நான்கு ஆண்டுகளில் மாறிவிடுகிறார்கள். டிக்கெட் வருமானமும் ஜெர்சி விற்பனையும் அப்படியே.

ஐந்தாவது, உரிமம். இன்றைய லீக்கில் ஆட வேண்டுமானால் கணக்கு வழக்கு, சம்பள நிலவரம், இளையோர் திட்டம், அரங்கம் எல்லாம் சரியாக இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். 2022 பருவம் முடிந்ததும் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டும் உரிமம் கிடைக்காமல் வெளியேறின. மாநிலப் பெயரைத் தாங்கிய அணிகளுக்கே இந்த நிலை.

மாநில அணிகளே சாய்கின்றனவே?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். யுஐடிஎம் மட்டுமா விழுந்தது? பேரா 2018இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணி. 2025-26 பருவத்தில் அது சூப்பர் லீக்கிலேயே இல்லை. கெடாவும் இல்லை. ஆகவே கோளாறு பல்கலைக்கழகத்திடம் இல்லை, லீக்கின் பண அமைப்பில்தான் இருக்கிறது என்று ஒருவர் வாதிடலாம்.

அதில் உண்மை இருக்கிறது. சம்பள பாக்கி என்பது மலேசியக் காற்பந்தில் ஆண்டுதோறும் கேட்கும் செய்தியாகிவிட்டது. ஆனால் அந்த வாதம் பல்கலைக்கழக அணியைக் காப்பாற்றாது. நூறாண்டு வேர் உள்ள மாநில அணியே பணமின்றிச் சாயும் இடத்தில், வேரும் இல்லாமல் பணமும் இல்லாமல் ஒரு மாணவர் அணி எப்படி நிற்கும்?

அதேசமயம் ஒரு வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது. தொழில்முறை அணி மூடப்படும்போது அதன் ஆட்டக்காரர் வேலையிழந்து வீட்டுக்குப் போகிறார். பல்கலைக்கழக அணி மூடப்படும்போது, அதில் உண்மையாகவே படித்துக்கொண்டிருந்த மாணவர் வகுப்புக்குப் போகிறார். பெற்றோர் கவனத்தில் வைக்க வேண்டிய வேறுபாடு இது.

வெளிநாடுகளில் எப்படி?

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம் "டீம் பாத்" என்ற அணியை நடத்தியது. 2002இல் எஃப்ஏ கிண்ணத்தின் முதல் முதன்மைச் சுற்றுவரை போய் மேன்ஸ்ஃபீல்டு டவுனிடம் 2-4 எனத் தோற்றது. ஒரு பல்கலைக்கழக அணி அந்தச் சுற்றை எட்டியது நூறாண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு அதுவே முதல்முறை. 2008இல் ஆறாம் நிலை லீக்கான கான்ஃபரன்ஸ் சவுத்துக்கு உயர்ந்தது. அதற்கு மேலே போக அந்த அணிக்குத் தகுதியில்லை என்று லீக் நிர்வாகம் முடிவு செய்தது. திறமைக் குறைவு காரணமல்ல. அணி அமைக்கப்பட்டிருந்த முறை விதிகளுக்குப் பொருந்தவில்லை என்பதே காரணம். 2009இல் அணியைக் கலைத்துவிட்டார்கள்.

பக்கத்திலேயே வேல்ஸில் கதை வேறு. கார்டிஃப் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழக அணி 2016இல் அந்நாட்டின் முதல்நிலை லீக்கிற்கு வந்தது. 2019இல் யூரோப்பா லீக்கின் ஆரம்பச் சுற்றில் லக்ஸம்பர்க் அணியோடு ஆடி, வெளியூர் கோல் விதியால்தான் வெளியேறியது. அது நிலைத்ததற்கு முக்கியக் காரணம், வேல்ஸ் லீக்கில் பல அணிகளின் ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். மாணவரும் தொழிலாளியும் ஏறக்குறைய ஒரே அளவு நேரத்தோடு மோதுகிறார்கள். நம் சூப்பர் லீக்கில் அந்தச் சமநிலை இல்லை. ஏ1 செமி-ப்ரோ லீக்கில் அது ஓரளவு இருக்கிறது.

மெக்சிகோவின் பூமாஸ் அணி இன்னொரு வகை. அந்நாட்டின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சின்னத்தையும் தாங்கி ஏழு முறை லீக் பட்டம் வென்றிருக்கிறது. ஆனால் ஆடுபவர்கள் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நடத்துவதும் தனி அமைப்பு. பெயர்தான் பல்கலைக்கழகம், உள்ளே இருப்பது கிளப்.

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போவது அடிக்கடி நடக்கும். டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் 2024இல் ஏசிசி என்னும் பெரிய கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி வருமானத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டே சேர்ந்தது. பணக்காரப் பழைய மாணவர்கள் அந்தச் செலவைத் தாங்கினார்கள். முதல் பருவத்திலேயே அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அணி கான்ஃபரன்ஸ் இறுதியாட்டம் வரை போய், தேசிய பிளேஆஃப் சுற்றிலும் இடம்பிடித்தது. ஆனால் அங்கே எதிரே நிற்பதும் ஒரு கல்லூரி அணிதான். இருவருக்கும் ஒரே வயது வரம்பு, ஒரே படிப்பு விதி. அந்த வசதி யுஐடிஎம்முக்கு இருந்ததில்லை. அது கல்லூரிகளோடு மோதவில்லை. தொழில்முறை அணிகளோடு மோதியது.

நமக்கு மிகவும் பயனுள்ள உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் வலுவான லீக் நடத்துகின்றன. தொழில்முறை லீக்கிற்குள் போக முயல்வதில்லை. ஆனால் பேரரசர் கிண்ணம் என்னும் திறந்த போட்டியில் பெரிய அணிகளோடு மோதலாம். 2017இல் சுக்குபா பல்கலைக்கழக அணி அப்படித்தான் முதல்நிலை லீக் அணியான வெகால்தா செண்டாயை வீழ்த்தியது. அந்த மாணவர் அணியில் இருந்தவர் கவோரு மித்தோமா. கவாசாகி கிளப் தொழில்முறை ஒப்பந்தம் தர முன்வந்தபோது அதை ஏற்காமல் பல்கலைக்கழகம் போனவர். படிப்பை முடித்து 2020இல் அதே கிளப்பில் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்தின் பிரைட்டன் அணி, 2022 உலகக் கிண்ணம் என்று அவர் போன தூரம் உலகத்துக்கே தெரியும்.

பல்கலைக்கழகம் போனதால் அவருடைய காற்பந்து நான்கு ஆண்டு தள்ளிப்போகவில்லை. அங்கேயே வளர்ந்தது. காரணம், பல்கலைக்கழக லீக் தரமானதாக இருந்தது.

நம் சமூகத்தின் அனுபவம்

பெரிய லீக் என்ற கனவு நமக்கும் புதிதல்ல. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் மிஃபா அணி, எஃப்ஏஎம் லீக்கிலிருந்து உயர்ந்து 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிற்கே போனது. பெயர் மாறியபோது மனம் வருந்தியவர்கள் நம்மில் உண்டு. ஒரு சமூகத்தின் பெயரில் பெரிய லீக்கை நடத்துவது கடினம், நகரத்தின் பெயர் வேண்டும் என்ற கணக்கும் புரியாததல்ல.

2020 பட்டியலை மறுபடி பாருங்கள். ஆறாவது இடத்தில் யுஐடிஎம். ஏழாவது இடத்தில் பெட்டாலிங் ஜெயா சிட்டி. பல்கலைக்கழகத்தில் பிறந்த அணியும் நம் சங்கத்தில் பிறந்த அணியும் அடுத்தடுத்து நின்றன.

2021இல் இரண்டின் பாதையும் பிரிந்தது. யுஐடிஎம் கடைசிக்குப் போனது. பயிற்சியாளர் பி. மணியத்தின் கீழ் பெட்டாலிங் ஜெயா சிட்டி, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து ஆடி மறுபடியும் ஏழாவது இடத்தைப் பிடித்தது. கோகிலேஸ்வரன் ராஜ் போன்ற நம் பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள். நம் பையன்களுக்கு சூப்பர் லீக் தரமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் 2022 பருவத்தோடு அந்த அணியும் லீக்கை விட்டு விலகியது. கீழிறக்கப்படவில்லை. தானாகவே நின்றுகொண்டது. ஒரு நிறுவனத்தின் பணத்தை நம்பி நிற்கும் அணி, அந்தப் பணம் நிற்கும் நாளில் தானும் நிற்கும். திடலில் திறமை இருந்தது. கீழே அடித்தளம் இல்லை. யுஐடிஎம்முக்கும் நமக்கும் கிடைத்தது ஒரே பாடம்தான்.

ஸ்பைடர்மேன் ஆறுமுகம், கேப்டன் சந்திரன் காலத்துப் பெருமையை இன்றும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் 1970களில் ஆட்டக்காரர்களுக்குப் பகலில் ஒரு வேலை இருந்தது, மாலையில் காற்பந்து இருந்தது. இன்று பதினெட்டு வயதுப் பையன் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரராகக் கையெழுத்துப் போட்டால், இருபத்தைந்து வயதில் அணி மூடப்படும்போது அவன் கையில் எஸ்பிஎம் சான்றிதழ் மட்டுமே இருக்கும்.

எந்தக் கதவு திறந்திருக்கிறது?

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சூப்பர் லீக்கைத் தொட்ட ஒரே பல்கலைக்கழகமான யுஐடிஎம்மில் நம் பிள்ளைகள் இளங்கலை படிக்க முடியாது. அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. ஆகவே "பல்கலைக்கழகம் வழியாக சூப்பர் லீக்" என்ற பாதை, அது இருந்த காலத்திலும் நமக்குத் திறந்திருக்கவில்லை. இதைப் பற்றிப் பேசுவது வேறொரு பெரிய விவாதம். இப்போது நம் கைக்கு எட்டும் கதவுகள் எவை என்று பார்ப்போம்.

பொதுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் கணக்கிடப்படுகிறது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த நிலையில் ஆடியிருக்கிறான் என்பதைப் பொறுத்து அந்த மதிப்பெண் கூடும். மாநில அளவில் ஆடிய பையனின் சான்றிதழ் வீட்டு அலமாரியில் தூங்கினால் யாருக்கும் பயனில்லை. பள்ளி அதைப் பதிவு செய்திருக்கிறதா என்று பெற்றோர் ஐந்தாம் படிவத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இது தவிர, யுபியு விண்ணப்பத்தில் விளையாட்டாளர்களுக்கென்று சிறப்புப் பிரிவு ஒன்றும் இருக்கிறது. பி40 பிரிவைப் பற்றி நம் இயக்கங்கள் ஊர் ஊராக விளக்கக் கூட்டம் நடத்துகின்றன. அதே கூட்டத்தில் விளையாட்டாளர் பிரிவைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினால் பல குடும்பங்களுக்கு உதவும்.

உள்ளே நுழைந்த பிறகு ஐபிடி லீக் இருக்கிறது, உயர்கல்விக் கழகங்களுக்கிடையிலான சுகிப்ட் விளையாட்டுப் போட்டி இருக்கிறது. அதற்கு மேல் ஏ1 செமி-ப்ரோ லீக் இருக்கிறது. படித்துக்கொண்டே ஆட, அல்லது வேலை பார்த்துக்கொண்டே ஆட ஏற்ற நிலை அது. அங்கே மின்னுபவரை சூப்பர் லீக் அணிகள் கவனிக்காமல் இருக்காது.

யார் என்ன செய்ய வேண்டும்?

பல்கலைக்கழகங்கள் சூப்பர் லீக் கனவைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, தங்களுக்கிடையிலான லீக்கை ஜப்பானைப் போல உயர்த்துவது நல்லது. பருவ அட்டவணை தேர்வு அட்டவணையோடு மோதாமல் இருக்க வேண்டும். ஆடும் மாணவர் எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் பெறுகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கோப்பைகளின் எண்ணிக்கையைவிட அந்த எண்ணிக்கைதான் ஒரு பல்கலைக்கழக அணியின் உண்மையான வெற்றி.

தேசியக் காற்பந்துத் தலைமையும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் ஆவண விவகாரத்தில் 2025 செப்டம்பரில் ஃபிஃபா தண்டனை விதித்தது நாட்டுக்கே தலைகுனிவு. கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியிலும் விளையாட்டுப் பள்ளிகளிலும் வளரும் பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குப் பின் எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்குப் பல்கலைக்கழக லீக் ஒரு விடையாக முடியும்.

நம் காற்பந்து சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்னொரு சூப்பர் லீக் அணியைத் தொடங்குவதற்கு முன், நம் பையன்களில் எத்தனை பேர் காற்பந்தின் வழியாக உயர்கல்விக்குப் போனார்கள் என்று ஒரு பட்டியல் தயாரிக்கலாம். தமிழ்ப்பள்ளிப் போட்டியில் கண்டெடுத்த பையனை ஐந்தாம் படிவம் வரை பின்தொடர ஆள் வேண்டும். பத்து வயதில் கோப்பை கொடுத்துப் படம் எடுப்பவர்கள் ஏராளம். பதினாறு வயதில் அவன் பயிற்சிக்குப் போகப் பேருந்துக் கட்டணம் கொடுப்பவர்கள் குறைவு.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பையன் ஆட ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். ஆனால் ஒப்பந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது, மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், அதே அணி கடந்த ஆண்டு சம்பளத்தைச் சரியாகக் கொடுத்ததா, படிப்பைத் தொடர அனுமதிக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.

முடிவாக

பல்கலைக்கழக அணியால் சூப்பர் லீக்கில் போட்டியிட முடியுமா? ஒரு பருவம், இரண்டு பருவம் முடியும். யுஐடிஎம் செய்து காட்டிவிட்டது. நிலைத்து நிற்க முடியுமா? பூமாஸைப் போலப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முழுத் தொழில்முறை அணியாக மாறினால் ஒழிய, இன்றைய நிலையில் முடியாது. அப்படி மாறிய பிறகு அது மாணவர்களுக்கான அணியாக இருக்காது. நம் பிள்ளைகளுக்கு அதனால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, பல்கலைக்கழகம் சூப்பர் லீக்கில் ஆட வேண்டும் என்பதையல்ல. பல்கலைக்கழகத்தில் ஆடிய பிள்ளை, பட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு சூப்பர் லீக்கில் ஆட வேண்டும் என்பதை. அடுத்த யுபியு விண்ணப்பக் காலம் வரும்போது விளையாட்டாளர் பிரிவில் நம் பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்போம். வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.